சாம்பல் வண்டி, வெள்ளை வண்டி

...போதும் என்றா சொன்னோம், போதும் என்றேதானா, 'பார்க்கலாம்' என்று சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா... முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போது வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது, "கிளட்ச்ச முழுசா மிதிங்க மாமா" என்றான் பக்கத்து சீட்டிலிருந்த மச்சினன், மிதித்தார், ஆனால் மனசு இன்னும் அந்த ஒர்க்‌ஷாப் வாசலிலேயேதான் நின்றிருந்தது. மச்சினன் மெக்கானிக், விற்பனைக்கு வந்த இரண்டு பழைய கார்களை அவருக்காகவே அங்கே நிறுத்தி வைத்திருந்தான், ஒன்று சாம்பல் நிறம், ஒன்று வெள்ளை. சாம்பல் பாதி விலை. "வெள்ளை பத்து வருஷம் உழைக்கும் மாமா. சாம்பல ரெண்டு வருஷம் கண்ண மூடிட்டு ஓட்டலாம், அப்புறம் இஞ்சின பிரிக்கணும்" என்றான். அவர் பானெட்டைத் தடவிக்கொண்டே, பல்லை வேறு காட்டிக்கொண்டு, "ரெண்டு வருஷம் போதும்டா" என்றார். சொல்லி வாயை மூடிய பிறகுதான் கவனித்தார், முதலில் ஓட்டிப் பார்க்கலாம் என்றிருந்த அந்தச் சாம்பல் வண்டியின் பின்சீட்டில் மனைவி ஏற்கெனவே ஏறி உட்கார்ந்திருந்தாள், கதவுக் கண்ணாடி பாதி இறங்கியிருந்தது.

கேட்டிருக்குமா? கேட்டால்தான் என்ன, ஒரு கார் ரெண்டு வருஷம் ஓடினால் போதும் என்று சொல்வதில் என்ன இருக்கிறது, யாரும் சொல்வதுதானே... ஆனால் அந்தப் 'போதும்' எங்கிருந்து வந்தது என்று அவருக்கு மட்டும்தானே தெரியும். போன மாதம் அவளுக்கு உள்ளே டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்தபோது டாக்டர் அவரை வராந்தாவில் ஓரமாகக் கூப்பிட்டு, இருதயமும் சேர்ந்து தளர்ந்துபோயிருக்கிறது, ரெண்டு வருஷம்னு வெச்சுக்குங்க, அதுக்கு மேல கிடைச்சா லாபம் என்றார். லாபமாம்! வியாபாரமா பண்ணுகிறார்கள் இங்கே? உள்ளே போய் அவள் கேட்டதற்கு, டாக்டர் சிரிச்சுக்கிட்டேதான் பேசினார், நல்லாத்தான் இருக்கியாம் என்று கூசாமல் சொன்னார். அதற்குப் பிறகு ஒரு மாதம், மச்சினனிடம்கூட மூச்சு விடவில்லை, அவ்வளவு பத்திரமாகப் பூட்டி வைத்திருந்ததை இன்று காரைத் தடவிக்கொண்டே கொட்டிவிட்டார். அச்சகத்தில் இருபத்தைந்து வருஷமாக மெய்ப்புத் திருத்துகிற ஆள், அடுத்தவன் பிழையென்றால் ஒரு புள்ளி விடாமல் பிடித்துவிடுவார், சொந்த வாயிலிருந்து விழுந்ததை எந்தச் சிவப்பு மையால் அடிக்க?

இந்த வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொண்டதே அவளுக்காகத்தான். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அவளுக்குக் குமட்டும், கம்பியில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு நிற்பாள், யாராவது எழுந்து இடம் கொடுத்தால் உண்டு. ஒரு நாள் அவள் புடவையிலேயே வாந்தி எடுத்தபோது பக்கத்திலிருந்த பெண்மணி முகத்தைச் சுளித்தாளே, அன்றைக்கு ராத்திரியே முடிவு செய்தார், ஒரு கார், ஓட்டை உடைசலானாலும் சரி, பின்சீட்டில் அவள் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு வந்தால் போதும்... மறுபடியும் போதும்! ஒழிய மாட்டேன் என்கிறது இந்தச் சொல். முதல் டிரைவிங் டெஸ்டில் ஃபெயில், இரண்டாவதில் போனால் போகிறது என்று பாஸ் போட்டார்கள். கற்றுக்கொடுத்தவர் தினமும் கத்துவார், உள்கண்ணாடி பின்னாடி வர்ற வண்டியப் பாக்கறதுக்கு சார், சும்மா தொங்கவிடல. இப்போதும் அந்தக் கண்ணாடியை ரோட்டுக்கு வைக்கவில்லை அவர், அவள் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்திருந்தார். அவளோ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். முகம் வாடியிருக்கிறதா, இல்லை எப்போதும் போலத்தானா, இந்த வெளிச்சத்தில் ஒரு இழவும் தெரியவில்லை, கொஞ்சம் இப்படித் திரும்பினால்...

"மாமா, லாரி!" பிரேக்கை ஏறி மிதித்தார், வண்டி முக்கி நின்று ஆஃப் ஆனது, லாரி காரின் மூக்கை உரசுகிற மாதிரி கடந்து போயிற்று, லாரிக்காரன் வெளியே தலையை நீட்டி அவர் குடும்பத்தையே இழுத்துத் திட்டினான். பின்னாலிருந்து அவள் குரல், நிதானமாக, "என்னையே பாத்துட்டிருந்தா வண்டி எப்படிங்க ஓடும்? ரோட்டப் பாருங்க." அப்படியென்றால் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். அசடு வழிய மறுபடி ஸ்டார்ட் செய்தார். இல்லை, இதற்கு மேல் இதைத் தாங்க முடியாது, வெள்ளையையே வாங்கிவிட வேண்டியதுதான், கையைக் கடித்தால் கடிக்கட்டும், பத்து வருஷ வண்டி வாங்குகிறவன் மனசில் பத்து வருஷம் இருக்கிறது என்றுதானே அர்த்தம், அவளுக்கும் அது புரியும், சொன்ன சொல் அழிந்துபோகும். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "எனக்கென்னவோ இது சரிப்படல, வெள்ளையவே பாத்துடலாமா?" என்றார், ஏதோ அப்போதுதான் தோன்றியது மாதிரி.

"அதத்தான் நானும் சொல்லலாம்னு இருந்தேன்" என்றாள் அவள். அப்பாடா என்று இருந்தது அவருக்கு, நெஞ்சிலிருந்து ஒரு பாறாங்கல்லை இறக்கி வைத்த மாதிரி, சிரிக்கக்கூடச் சிரித்துவிட்டார். "வெள்ளையவே முடிச்சிடுங்க. ரெண்டு வருஷம் கழிச்சு மறுபடியும் கார் தேடிக்கிட்டுத் தனியா அலைவீங்களா? ஒரு நல்ல தக்காளி பாத்து வாங்கத் தெரியாது உங்களுக்கு."

மச்சினன் விழுந்து விழுந்து சிரித்தான், "கரெக்டா சொன்னேக்கா, போன வாரம் ஒரு தக்காளி வாங்கிட்டு வந்தாரே..." சிக்னலில் சிவப்பு விழுந்தது, எப்படியோ வண்டியை நிறுத்திவிட்டார். தனியா என்றாளே... இன்று கேட்டதனால் சொல்கிறாளா, இல்லை முன்பே தெரியுமா, டாக்டர் சிரித்தார் என்று இவர் சொன்ன அன்றைக்கே தெரியுமா, ஒரு மாதமாக இவர் நடிக்க அவளும் கூட நடித்தாளா? சாம்பல் வண்டியை எடுத்தால் அது ரெண்டு வருஷம் என்று சொல்கிறது, வெள்ளையை எடுத்தால்... பத்தில் ரெண்டு போனால் மிச்சம் எட்டு, அந்த எட்டு வருஷம் இந்தக் கண்ணாடியில் என்ன தெரியும் அவருக்கு? நம்பிக்கை என்று அவர் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்ட வண்டியில் அவள் அவரை மட்டும் உட்காரவைத்துப் பார்த்திருக்கிறாள், பத்திரமாகப் போய்வரட்டும் என்று.

"அப்ப வெள்ளைதான மாமா?" கண்ணாடியில் அவள் இப்போது அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள், அவர் கண்ணை எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. பச்சை விழுந்துவிட்டது, பின்னால் ஹாரன் மேல் ஹாரன், கை கியரின் மேல்தான் இருந்தது, எந்த கியரில் நிற்கிறோம் என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.