ஊதாவின் நடை

பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கொக்கு வாத்தியார். கால்கள் அவ்வளவு நீளம். வகுப்பறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நாலே அடியில் போய்விடுவார் என்று கதை கட்டுவார்கள். அதில் பொய் கொஞ்சம்தான். அப்பேர்ப்பட்ட காலின் முட்டியில் கத்தி வைத்தாயிற்று. தினமும் நடக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். வாத்தியார் ஒரு வாரம் மனைவியோடு தெருவுக்குப் போனார். போகிறவர் வருகிறவர் எல்லாம் தாண்டிப் போனார்கள். அதோடு சரி, கூடத்தில் நாற்காலியைச் சுற்றி வந்துவிட்டு நடந்தாயிற்று என்று பேர் பண்ணிக்கொண்டிருந்தார்.

காரணம் வலி அல்ல. கல்யாணமான நாளிலிருந்து காலை நடைக்கு இருவரும் சேர்ந்துதான் போவார்கள். அவள் தையற்காரி. நாள் முழுக்க மெஷின் முன்னால் குனிந்து கிடப்பவளுக்கு, நிமிர்ந்து காற்று வாங்க அந்த ஒரு நேரம்தான். அவளையும் ஆமை நடை நடக்கவைப்பதா? அவளுக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற பயம் அவரை அரித்தது. அதை வாய்விட்டுச் சொல்ல சிங்கத்தை வீம்பு விடவில்லை.

“எதிர்வீட்டு அக்கா கூட்டமா போறாங்கல்ல, நீ அவங்களோட சேர்ந்துக்கோ. இனிமே என்னை எதிர்பார்க்காத,” என்றார் அன்று காலை.

“அதைப் பார்த்துக்கலாம். இன்னிக்கு வாங்க,” என்று கைத்தடியை நீட்டினாள் அவள்.

மறுக்க முடியவில்லை. தெருவில் இறங்கினார்கள். கடைகளின் இரும்புக் கதவுகள் ஒவ்வொன்றாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. லீவு முடிந்து அவர் பள்ளிக்குத் திரும்பியதும் முதல் பாடம் ஒளி. எந்தப் பாடத்தையும் முதலில் மனைவியிடம் ஒத்திகை பார்ப்பது அவர் வழக்கம். இவளுக்குப் புரிந்தால் வகுப்புக்கே புரியும் என்பார். அது பாராட்டா வசவா என்று அவள் கேட்டதில்லை.

“ஒளியும் ஒரு அலைதான். ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரம் அலைநீளம். அதை ஒளி வைக்கிற ஒரு அடின்னு வச்சுக்கோ. ஒரு நொடிக்கு எத்தனை அடிங்கிறது அதிர்வெண். ரெண்டையும் பெருக்கினா வேகம்.”

“நாம நடக்கிற கணக்குதானே?”

“அதேதான். ஆனா வெட்டவெளியில எல்லா நிறத்துக்கும் ஒரே வேகம். முந்தவும் முடியாது, பிந்தவும் முடியாது. சிவப்பு வைக்கிறது நீள அடி, ஊதா வைக்கிறது குட்டை அடி. ரெண்டும் சேர்ந்தே போகணும்னா?”

“ஊதா நிறைய வைக்கணும்.”

“சபாஷ்! சிவப்பு நாலு அடி வைக்கிறதுக்குள்ள ஊதா கிட்டத்தட்ட ஏழு அடி வச்சாகணும்.”

அவள் அவருடைய நீளக் கால்களைக் குனிந்து பார்த்தாள். பிறகு கேட்டாள்.

“அந்த ஊதாக்காரிக்கு மூச்சு வாங்காதாங்க?”

வாத்தியார் பலமாகச் சிரித்தார். எந்தப் பிள்ளையும் கேட்காத கேள்வி என்று சொல்லத் திரும்பியவர், அவள் முகத்தைப் பார்த்து நின்றுவிட்டார். அவள் சிரிக்கவில்லை. அவர் தோளைக்கூட எட்டாத உயரம் அவளுக்கு. இன்றைக்குக் கையை வீசி, நிதானமாக, கடைகளை வேடிக்கை பார்த்தபடி வந்துகொண்டிருந்தாள். முன்பெல்லாம் நடக்கும்போது அவர் பேசுவார், அவள் ‘ம்’ கொட்டுவாள். நம் பேச்சை இப்படி ரசிக்கிற பெண்டாட்டி யாருக்கு வாய்ப்பாள் என்று அவர் பெருமைப்பட்டதுகூட உண்டு. பேசுவதற்கு மூச்சு மிஞ்சினால்தானே பேசுவாள்!

“இத்தனை வருஷமா நீ ஓடிட்டா வந்தே?”

“பாதி நடை, பாதி ஓட்டம்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மெதுவா நடந்திருப்பேனே.”

“நடந்திருப்பீங்க, நாலு நாளைக்கு. அப்புறம், ‘நீ வீட்ல இரு, நான் மட்டும் ஒரு சுத்து போயிட்டு வந்திடறேன்’னு கிளம்பியிருப்பீங்க.”

அவள் சொன்னது அச்சு அசல் அவர்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. வருஷா வருஷம் கரும்பலகையில் சிவப்பையும் ஊதாவையும் வரைந்த மனுஷன், பக்கத்தில் இரைக்க இரைக்க வந்தவளைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு அக்காவின் கூட்டம் பின்னாலிருந்து வந்து சேர்ந்துகொண்டது.

“என்னம்மா, எங்களோட வர்றியா? இந்த வேகத்துல போனா மத்தியானம் ஆயிடும்!” என்றாள் அக்கா.

வாத்தியார் கைத்தடியை ஊன்றி நின்றார். காலையில் போகச் சொன்னது அவர் வாய்தான். இப்போது போய்விடுவாளோ என்று மனசு அடித்துக்கொண்டது.

“நீங்க போங்கக்கா,” என்றாள் அவள். “நாங்க பேசிட்டே வர்றோம்.”