ஆறாவது வேகத்தடை

"கொஞ்சம் எறங்கிக்கிறீங்களா?" என்று முகுந்தன் கேட்டபோது கார் கெட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பை விட்டு இன்னும் வெளியே வந்திருக்கவில்லை. முன்னால் ஒரு வேகத்தடை. நாங்கள் பேச்சில் பம்ப் என்போம். இறங்கி நின்றேன். அவர் காரைக் கோணலாகத் திருப்பி, ஒரு சக்கரத்தை முதலில் ஏற்றி, கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி அடிப்பக்கச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அந்தப் பக்கம் இறக்கினார். என்னுடைய அறுபத்திரண்டு கிலோ குறைந்ததில் கார் ஒரு விரல் உயர்ந்திருக்க வேண்டும். எதுவும் உரசவில்லை. "சாரி லா" என்று கதவைத் திறந்துவிட்டார். முப்பத்திரண்டு வயதுக்குள் என்னைப் பெண் பார்க்க நாலு பேர் வந்துபோயிருக்கிறார்கள். நடக்கவிட்டுப் பார்த்தவர் இவர் ஒருவர்தான்.

அம்மாவோடு எனக்கு ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பகலில் முகுந்தனோடு பிரிக்ஃபீல்ட்ஸ் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவது. பிடித்திருந்தால் காரை வாசல்வரை வரச்சொல்லி, அவரை உள்ளே கூட்டிப்போய்த் தேநீர் கொடுப்பது. பிடிக்காவிட்டால் தெரு முனையிலேயே இறங்கி நடந்து வந்துவிடுவது. "நீ நடந்து வந்தா நான் ஒண்ணும் கேக்க மாட்டேன் மலர். ஆனா இதுக்கப்புறம் மாப்பிள்ளையும் தேட மாட்டேன்" என்று சொல்லியிருந்தாள். அவள் சொன்னதைச் செய்கிறவள். அதனால் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. இந்த ஒப்பந்தம் முகுந்தனுக்குத் தெரியாது.

கார் தொண்ணூற்றேழாம் ஆண்டு வீரா, மலேசியாவிலேயே செய்தது. என்னைவிட நாலு வயது சின்னது. வெளியே பழைய டாக்ஸி மாதிரிதான் இருக்கும். ஆனால் எஞ்சின் வேறு, இருக்கை வேறு, சக்கரம் வேறு, புகைக்குழாய் வேறு. முகுந்தன் எல்லாவற்றையும் மாற்றி, காரைத் தரையோடு ஒட்டத் தாழ்த்தியும் வைத்திருந்தார். ஃபெடரல் சாலையில் அது போட்ட சத்தத்தில் நாங்கள் பேசியதில் பாதி "ஆ?"தான். இந்தக் காரைப் பற்றித் தரகர் சொன்ன அன்றே அம்மா, "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று சொல்லிவிட்டாள். எனக்கோ வேறு அரிப்பு. வயதான ஒரு காருக்கு ஏழு வருடத்து ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்த மனிதனுக்கு அதற்குள் என்ன தெரிகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

பிரிக்ஃபீல்ட்ஸில் கட்டடத்துக்குள் நிறுத்த மாட்டேன் என்றார், ஏற்றத்தில் பம்பர் இடிக்குமாம். இரண்டு தெரு தள்ளி நிறுத்திவிட்டு வெயிலில் நடந்தோம். வாழை இலையில் சோறு விழுந்ததும் நேராகவே கேட்டேன்.

"மொத்தம் எவ்வளவு போட்டிருப்பீங்க?"

"முப்பத்தெட்டாயிரம் ரிங்கிட்."

"இப்ப வித்தா?"

"பத்து குடுத்தா பெரிய விஷயம்."

"அப்ப வொர்த் இல்லதானே?"

"இல்ல" என்றார். சண்டைக்குத் தயாராக வந்தவளுக்கு ஏமாற்றமாக இருந்தது. அவர் ரசத்தைப் பிசைந்தபடி, கேட்காமலே மேலே பேசினார். போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டுகிறவர். "நாப்பது மீட்டர் மேல கண்ணாடிப் பெட்டிக்குள்ள உக்காந்திருப்பேன். ஒரு ஷிஃப்டுக்கு கப்பல்லேர்ந்து இருநூறு சரக்குப் பெட்டி எறக்குவேன். எந்தப் பெட்டிக்குள்ள என்ன இருக்குன்னு பன்னெண்டு வருஷமா எனக்குத் தெரியாது. இந்த வீரால எந்த நட்டு எங்க இருக்குன்னு கண்ண மூடிக்கிட்டு சொல்வேன். அவ்ளோதான்." பாகற்காயை அவர் இலைக்குத் தள்ளலாமா என்று யோசித்தேன், தள்ளவில்லை.

பிறகு என் வேலையைக் கேட்டார். நகராண்மைக் கழகத்தில் சாலைப் பிரிவு என்றேன். குடியிருப்பாளர்கள் வேகத்தடை கேட்டு மனுப் போட்டால், இடத்தைப் பார்த்து அனுமதி எழுதுவது என் மேசை. வாய்க்குப் போன அவர் கை பாதியில் நின்றது.

"நீங்கதான் பம்ப் போடற ஆளா?"

"ஆமா."

சிரிப்பாரா, முறைப்பாரா என்று பார்த்தேன். இரண்டும் இல்லை. எவ்வளவு உயரம், ஏன் அந்த உயரம், இரண்டுக்கு நடுவில் எவ்வளவு தூரம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எழுபத்தைந்து மில்லிமீட்டர் என்றேன். விரல்களை விரித்து மேசையிலிருந்து அளந்து பார்த்தார். நாலு வருடமாக நான் பார்க்கிற வேலையைப் பற்றி யாரும் இத்தனை கேள்வி கேட்டதில்லை. மனசு கொஞ்சம் குளிர்ந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்.

திரும்பும்போது மூன்று மணி. அதற்குள் ஐந்து முறை இறங்கி ஏறியிருந்தேன். புதுச் செருப்பு கடித்துக் குதிகாலில் தோல் வழன்றிருந்தது. எங்கள் தெரு முனையில் கார் நின்றது. முன்னால் ஆறாவது வேகத்தடை. காலையில் நான் முனைவரை நடந்து வந்தே ஏறியிருந்ததால் அவர் இதை இன்னும் தாண்டியிருக்கவில்லை. அதைத் தாண்டி ஏழாவது வீடு எங்களுடையது.

அவர் இறங்கிப்போய் அதன் அருகே குனிந்து, பின்பெட்டியிலிருந்த அளவுநாடாவை வைத்துப் பார்த்தார். "நூத்திப்பத்து இருக்கு. நீங்க எழுவத்தஞ்சுன்னீங்க."

நான் எழுதியது எழுபத்தைந்துதான். முனை வீட்டுத் தம்புசாமி அங்கிள், பேத்தி சைக்கிள் ஓட்டப் பழகிய மாதம், வீடு கட்டி மிஞ்சின சிமெண்டை அதன்மேல் பூசிவிட்டார். தெரிந்தும் நான் கண்டுகொள்ளவில்லை. அதைச் சொன்னேன். ஆளை அனுப்பி வெட்டிவிடுங்கள் என்று முகுந்தன் சொல்வார் எனக் காத்திருந்தேன். அவர் நாடாவைச் சுருட்டிக்கொண்டு வந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார்.

"இதுல நீங்க எறங்கினாலும் கார் ஏறாது. இங்கயே எறங்கிக்கிறீங்களா? நடந்தா ரெண்டு நிமிஷம்."

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் இங்கே இறங்கி நடந்தால் அம்மாவுக்கு அதுதான் என் பதில். கைப்பையை எடுத்துவிட்டேன், கதவில் கையும் வைத்துவிட்டேன்.

"இந்தக் கார தூக்க முடியாதா?"

"முடியும். எட்ஜஸ்டபல்தான். முன்சக்கரம் ரெண்டும் தூக்குனா போதும், ஒரு பக்கத்துக்கு இருவது நிமிஷம் ஆவும்."

"அப்ப காலையிலேர்ந்து என்னை ஏன் எறங்க வச்சீங்க?"

"தூக்குனா அழகு போயிடும்."

எனக்கு வந்த கோபத்தில் அந்தக் காரை அங்கேயே எட்டி உதைத்திருப்பேன். அதே நேரத்தில், பொய் சொல்லத் தெரியாத இந்த ஆளை என்ன செய்வது என்றும் இருந்தது. கைப்பையை மடியில் திரும்ப வைத்தேன்.

"நான் எறங்கல."

"ஆள் உள்ள இருக்கறப்ப ஜேக் போட்டுத் தூக்கக் கூடாது."

"அது உங்க பாடு."

எஞ்சினை அணைத்தார். தெரு அவ்வளவு அமைதியானது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பின்பெட்டி திறந்தது. இருப்பதிலேயே நல்ல சட்டையின் கையை மடித்துவிட்டு, என் பக்கத்து முன்சக்கரத்தருகே தார்ச்சாலையில் மண்டியிட்டார். "ஆடாம இருங்க" என்றார். ஜேக் கிறீச்சிட, நான் உட்கார்ந்தபடியே மெதுவாக மேலே போனேன். தம்புசாமி அங்கிளின் மதில், அதன்மேல் துளசிச் சட்டி, பிறகு அவர் வீட்டு முற்றமே தெரிந்தது. அங்கிள் சாரோங்கை இறுக்கிக்கொண்டு வெளியே வந்து, "ஏன் பா, டயர் பஞ்சரா?" என்றார். "இல்ல அங்கிள், உங்க பம்ப்" என்றார் முகுந்தன். அங்கிள் சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டார்.

சக்கரத்தைக் கழற்றி, ஸ்பிரிங்கின் அடியிலிருந்த வளையத்தைத் திருகி ஏற்றி, சக்கரத்தைத் திரும்ப மாட்டி இறக்க அரை மணி நேரம் பிடித்தது. பிறகு நாலடி பின்னால் போய் நின்று பார்த்தார். சக்கரத்துக்கும் தகரத்துக்கும் நடுவே இப்போது மூன்று விரல் இடைவெளி. முடிவெட்டுகிறவன் சொதப்பிய தலையைக் கண்ணாடியில் பார்க்கிற மாதிரி பார்த்தார். பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

தொலைபேசி அடித்தது. அம்மா.

"முனையிலயே அரை மணி நேரமா என்னடி பண்றீங்க? அடுப்புல தண்ணி வச்சு சுண்டிப் போச்சு. நடந்து வரியா, கார்ல வரியா?"

என் பக்கம் உயர்ந்தும் அவர் பக்கம் தாழ்ந்தும் கார் சாய்ந்து நின்றது. காலியாக இருந்த அவர் இருக்கைப் பக்கமாக நான் கொஞ்சம் சரிந்திருந்தேன்.

"இன்னும் ஒரு பக்கம் பாக்கி இருக்கும்மா" என்றேன்.

முன்கண்ணாடிக்கு வெளியே, நெஞ்சு முழுக்கக் கறுப்பு அப்பிய சட்டையோடு, ஜேக்கை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அவர் தன் பக்கத்துக்கு நடந்துகொண்டிருந்தார்.