சமையலுக்கு மட்டும்

அண்ணியின் குரல் தொலைபேசியில் கேட்டதும் மல்சுன் எடை போட்டுக்கொண்டிருந்த நெத்திலியைத் தட்டிலேயே கொட்டிவிட்டுக் கடைக்குப் பின்புறம் போனாள். முன்னோருக்குப் படையல் போடும் சூசொக் பண்டிகைக்கு நான்கு நாள் இருந்தது. துறைமுக நகரமான டோங்யோங்கின் சந்தையில் அவளுடைய கருவாட்டுக் கடைக்கு முன்னால் ஆட்கள் முண்டியடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணி அவளைக் கூப்பிட்டு இருபத்தொரு வருடம் ஆகியிருந்தது.

"வலது கை மணிக்கட்டு ஒடஞ்சு போச்சுடி மல்சுன். சர்க்கரவள்ளித் தோட்டத்துல வழுக்கிட்டேன். பையன் கப்பல்ல இருக்கான், வர மாட்டான். உங்க அண்ணன் 'நானே சமைக்கிறேன்'னு நிக்கிறாரு. அவருக்கு முள்ளங்கியையும் பேரிக்காயையும் பிரிச்சுப் பாக்கத் தெரிஞ்சாலே பெரிசு." அண்ணி சிரிக்க முயன்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "நீ கும்பிட வேண்டாம். சமையலுக்கு மட்டும் வந்துட்டுப் போயேன்."

"பாக்குறேன் அண்ணி" என்று மட்டும் சொன்னாள்.

அப்பா இறந்து முதல் வருடப் படையலன்று அந்தப் பேச்சு முறிந்தது. மல்சுன் அப்போதுதான் ஞானஸ்நானம் எடுத்திருந்தாள். தட்டு, கிண்ணம் எல்லாம் அடுக்கி, அப்பா படத்துக்கு முன்னால் மெழுகுவத்தி ஏற்றி, அண்ணன் தொக்சு அவளைக் கும்பிடச் சொன்னபோது அவள் விறைத்து நின்றாள். "பிசாசுக்கு வச்சத நான் தொட மாட்டேன்" என்றாள். "அப்பா பிசாசா?" என்று கேட்டார் தொக்சு. கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார். அடுத்த படகில் அவள் பிறந்த தீவை விட்டு வந்தாள். சபையில் இதைச் சாட்சியாகச் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். அந்தக் கை தட்டல் பல வருடம் அவளுக்குத் தெம்பாக இருந்தது.

பழைய போதகர் இருந்திருந்தால் ஒரு சொல்லில் முடிந்திருக்கும். கூடாது என்றால் கூடாது. படையல் வீட்டுக்குப் போகாதே, அந்தச் சோற்றைத் தின்னாதே, ஞாயிறு கடை திறக்காதே. அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்த இளைஞர் வேறு மாதிரி. அதிகாலை ஜெபம் முடிந்து செருப்புகளை அடுக்கிக்கொண்டிருந்தவரிடம் போய்க் கேட்டாள்.

"பாஸ்டர், நான் போகலாமா, கூடாதா?"

"நீங்க என்ன நினைக்கிறீங்க அம்மா?"

"நான் நினைக்கிறதுக்கா உங்ககிட்ட வந்தேன்?"

அவர் சிரித்தார். "கிறிஸ்து நம்மள விடுவிச்சிட்டார். பட்டியல் பாத்து நடக்குற காலம் போச்சு. உங்களுக்குள்ள இருக்கிற ஆவியானவர் நடத்துவார். அன்பு எந்தப் பக்கம் போகச் சொல்லுதுன்னு பாருங்க."

பெரிய விடுதலை என்று எரிச்சலோடு வீட்டுக்கு நடந்தாள். ஆமாம், இல்லை என்று சொல்லிவிட்டால் இவருக்கு என்ன குறைந்துவிடும்? மூன்று நாளும் அதிகாலையில் முழங்காலிட்டாள். ஒரு குரலும் காதில் விழவில்லை. முழங்கால்தான் வலித்தது. மூன்றாம் நாள் ஒரு நினைப்பு வந்து அவளைத் தூக்கி உட்கார வைத்தது. இத்தனை வருடம் ஒவ்வொரு படையலுக்கும் அண்ணி ஒருத்தியே பொரித்து, அவித்து, கழுவி, துடைத்திருக்கிறாள். 'கூடாது' என்பதைப் பிடித்துக்கொண்டு மல்சுன் அந்த அடுப்படியில் ஒரு நாளும் நிற்காமல் தப்பித்திருக்கிறாள். அதில் விசுவாசம் எவ்வளவு, சுகம் எவ்வளவு? அவளால் பிரிக்க முடியவில்லை. கடையை மூடிவிட்டுப் பேரிக்காயும் மலைக்கீரையும் முள்ளங்கியும் வாங்கினாள். தன் கடையிலிருந்தே ஒரு முழுக் கருவாட்டை எடுத்துப் பையில் சொருகினாள்.

படகுத் துறைச் சீட்டுச் சன்னலுக்குப் பின்னால் ஹாராமின் அம்மா உட்கார்ந்திருந்தாள். சபைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகாத பெண். மாமியார் வீட்டுப் படையலைப் பற்றி அவள் கேட்டபோது, "கரண்டியைத் தொட்டாலே பாதி கும்பிட்டாச்சு" என்று சொல்லிக்கொடுத்தவளே மல்சுன்தான். அதைக் கேட்டு அவள் மாமியாரிடம் முடியாது என்று சொல்லி, வீடு இரண்டுபட்டு, இந்தப் பண்டிகைக்குப் புருஷன் மகள் ஹாராமை மட்டும் கூட்டிக்கொண்டு போய்விட்டான்.

"எங்க அக்கா, பண்டிகையும் அதுவுமா?" அடையாள அட்டையை வாங்கிக்கொண்டே கேட்டாள். அவள் கண் பையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கருவாட்டு வால் மேல் நின்றது. மலைக்கீரைக் கட்டைப் பார்த்தாள். அந்த ஊரில் பிறந்த எவருக்கும் அது படையல் சாமான் என்று சொல்லத் தேவையில்லை.

"அண்ணிக்குக் கை ஒடஞ்சிருக்கு" என்றாள் மல்சுன்.

"சமைக்கப் போறீங்களா?"

"ம்."

"என் மாமியாருக்கு இடுப்பு சரியில்ல அக்கா. அதையும் உங்ககிட்ட சொன்னேன்ல." சன்னல் கண்ணாடியில் அவள் மூச்சு படிந்தது. "ஹாராம் போகும்போது 'அம்மா ஏன் வரல'ன்னு கேட்டா. சாமி கோவிச்சுக்கும்னு சொன்னேன். அஞ்சு வயசுப் புள்ளகிட்ட. இப்ப உங்களுக்கு மட்டும் கோவிச்சுக்காதா?"

பின்னால் வரிசையில் ஒருவர் தொண்டையைச் செருமினார். வேறு விஷயம், வேறு நிலைமை என்று சொல்லிவிடலாம். நாக்கு வரை வந்தது.

"நான் உனக்குத் தப்பாச் சொல்லிட்டேன்" என்றாள் மல்சுன். "எனக்குத் தெரியாதத தெரிஞ்ச மாதிரி சொன்னேன். இப்பவும் தெரியல."

ஹாராமின் அம்மா சீட்டைச் சன்னல் வழியாகத் தள்ளினாள். "ரெண்டே கால் படகு. தெரியலன்னா அன்னிக்கே தெரியலன்னு சொல்லியிருக்கலாம்." பிறகு அடுத்தவரைக் கூப்பிட்டாள்.

படகு கிளம்பி ஒரு மணி நேரமும் மல்சுன் உள்ளே உட்காரவில்லை. இரண்டு முறை ஹாராமின் அம்மாவுக்குப் போன் போட்டாள். அவள் எடுக்கவில்லை.

தொக்சு வாசலில் பலகையில் உட்கார்ந்து படையலுக்குக் கஷ்கொட்டைகளைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். தலை முழுக்க வெளுத்திருந்தது. நிமிர்ந்து பார்த்து, "வந்தியா" என்றார். "தண்ணி பைப்பு மாத்தியாச்சு. இடது பக்கம் திருப்பினாத்தான் சுடுதண்ணி" என்று சொல்லிவிட்டுக் கத்தியில் கண்ணை வைத்துக்கொண்டார்.

அன்று சாயங்காலம் முழுக்க அண்ணியும் அவளும் அடுப்படியில். மீன் துண்டுகளை முட்டையில் தோய்த்துப் பொரித்தாள். அரிசிக் கொழுக்கட்டை பிடித்தாள். சூப்பில் உப்புப் பார்க்கக் கரண்டியைத் தூக்கியபோது அண்ணி பாய்ந்து வந்து தட்டிவிட்டாள்.

"அய்யோ, வாயில வைக்காதே! படைக்கிறதுக்கு முந்தி ருசி பாக்கக் கூடாது!"

"உங்களுக்கும் இவ்வளவு 'கூடாது' இருக்கா அண்ணி?"

"உன் ஆளுங்ககிட்ட மட்டும்தான் இருக்குன்னு நெனச்சியா?" இருவரும் சிரித்தார்கள். சிரிப்பு நின்றதும் அண்ணி சொன்னாள், "வருஷா வருஷம் கும்பிடும்போது, பக்கத்துல நீ நிக்கிற எடத்தக் காலியா விட்டுட்டுத்தான் உங்க அண்ணன் நிப்பாரு. ஏன்னு கேட்டா, குனிஞ்சு எந்திரிக்க எடம் பத்தலம்பாரு."

மறுநாள் காலையில் படையல் மேசை அடுக்கியாயிற்று. மல்சுன் அடுப்படிக் கதவருகே நின்றாள். நடு அறையில் தொக்சு கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு அப்பா, அம்மா படங்களுக்கு முன்னால் நின்றார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மது ஊற்றினார். ஒரு முறை தரையில் நெற்றி தொட விழுந்து, மேசைக் காலைப் பிடித்து எழுந்தார். இரண்டாம் முறை விழுந்தவர் எழவில்லை. முதலில் அப்பாவை நினைத்து அழுகிறார் போல என்று தோன்றியது. பிறகு அவர் கை தரையில் பிடிமானம் தேடுவது தெரிந்தது. முழங்கால் பூட்டிக்கொண்டுவிட்டது. அண்ணி கட்டுப் போட்ட கையோடு தடுமாறி எழப் பார்த்தாள்.

மல்சுன் யோசித்தாளா என்று பிற்பாடு கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. அவள் அறைக்குள் இருந்தாள். நின்றபடி குனிந்து தூக்க முடியவில்லை, மனிதர் கனம். அவர் பக்கத்தில், மேசைக்கு நேர் முன்னால், இரண்டு முழங்காலையும் ஊன்றி உட்கார்ந்து, அவர் அக்குளில் தோளைக் கொடுத்தாள்.

"விடு, நீ வராதே" என்றார் தொக்சு, தரையைப் பார்த்தபடி. "உன் சாமி..."

"பேசாம என் கழுத்தப் பிடிங்க அண்ணே."

ஊதுவத்திப் புகை கண்ணில் ஏறியது. அப்பா படம் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் இருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. வெளியிலிருந்து பார்க்கிற எவருக்கும் அவள் கும்பிடுகிறாள் என்றுதான் தோன்றும். ஹாராமின் அம்மா பார்த்தால் என்ன நினைப்பாள்? அந்த நினைப்பு உள்ளே குத்திக்கொண்டே இருந்தது. ஆனாலும் அண்ணனின் எலும்பான விலா தன் தோளில் அழுந்தி ஏறி இறங்கியதை, அவர் மூச்சை, இத்தனை வருடத்தில் முதல் முறையாக உணர்ந்தாள். இருவருமாக ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். அவர் கோட்டு மடிப்பை நீவிவிட்டுக்கொண்டார்.

மேசையில் படைத்ததை எடுத்துத் தாழ்வான சாப்பாட்டுப் பலகையில் பரிமாறினார்கள். மல்சுன் ஒரு நிமிடம் வெளியே போய் ஹாராமின் அம்மாவுக்கு மறுபடி போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்து நின்றது. 'நேர்ல வர்றேன், பேசணும்' என்று எழுதி அனுப்பினாள். என்ன பேசப்போகிறாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

திரும்பி வந்து உட்கார்ந்தபோது தொக்சு சூப்புக் கிண்ணத்தை அவள் பக்கம் நகர்த்தினார். "திங்கலாமா, கூடாதா?" என்று கேட்டார். கிண்டலா, கவலையா என்று பிரிக்க முடியாத குரல்.

"திங்கலாம் அண்ணே."

"அப்ப உன் ஜெபத்தச் சொல்லு. ஆறிடப் போகுது."

அண்ணி அண்ணனைப் பார்த்தாள். மல்சுன் தலை குனிந்தாள். சாப்பாட்டுக்கு முன் தினமும் மூன்று வேளை சொல்லிப் பழகிய வார்த்தைகள் அவளிடம் இருந்தன. அவற்றில் ஒன்றும் இப்போது வாய்க்கு வரவில்லை. "பிதாவே" என்று தொடங்கி நிறுத்தினாள். திறந்திருந்த சன்னல் வழியாகக் கடற்காற்று புகுந்து சூப்பின் ஆவியை ஒரு முறை அவள் முகத்துக்கும் ஒரு முறை அண்ணன் முகத்துக்கும் தள்ளியது. தொக்சு கண்ணை மூடவில்லை. எடுத்த கரண்டியை உதட்டுக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் அப்படியே பிடித்துக்கொண்டு, அவள் வாயைப் பார்த்தபடி காத்திருந்தார்.