ராசய்யா மாசே

பொன்னாயி தன் கணவனின் பெயரை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை. எந்த ஆபீசில் கேட்டாலும் பக்கத்தில் நிற்கும் மகள் பூங்குழலியைப் பார்ப்பாள். மகள் உடன் வராத நாளில், “சீட்டுக்கட்டுல ராணிக்கு மேல ஒருத்தர் இருப்பாருங்கல்ல, அவருதானுங்க” என்பாள். ஒருமுறை ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிய பெண், “ஜோக்கருங்களா?” என்று கேட்டுவிட, வரிசையே சிரித்தது. பொன்னாயியும் சிரித்தாள். பெயரை மட்டும் சொல்லவில்லை.

அந்தப் பெயரை ஒரு கூட்டமே சேர்ந்து கூவ அவள் கேட்டது ஜப்பான் ஓட்டலில்தான்.

ராசய்யா என்கிற ராசு, கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுக்காரர். கல்யாணமான கையோடு மலையிறங்கிப் போய் ஒரகடத்தில் ஒரு ஜப்பான் கம்பெனியில் கார் ஓட்டினார். பூங்குழலியும் தம்பி பிரேமும் வளர்ந்தது அங்கேதான். கொல்லிமலை அவர்களுக்கு லீவுக்குப் போகும் இடம். ஊர் என்றால் லாரிகள் ஓயாத அந்த மெட்ராஸ் ரோடுதான்.

ஓர் ஆயுத பூஜை அன்று, ராசு காருக்குப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்குவதைக் கம்பெனி அதிகாரி மொரிதா சார் வியப்போடு பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும், “இன்னைக்கு உங்க குடும்பத்துக்கு என் சாப்பாடு” என்று கைச்சாடையும் அரைகுறைத் தமிழுமாகச் சொல்லிவிட்டார். சாயங்காலம் நான்கு பேரும் புதுத்துணி உடுத்திக்கொண்டு போனார்கள். ஓட்டல் வாசலில் நீலத் துணி ஒன்று பாதிவரை தொங்கியது. ராசு உயரமானவர். குனிந்தும் துணி அவர் நெற்றியைத் தடவியது. உள்ளே காலெடுத்து வைத்ததுதான் தாமதம், அடுப்படியிலிருந்தும் மேசைகளுக்கு நடுவிலிருந்தும் எல்லாரும் ஒரே குரலில் கூவினார்கள்:

“இரஷ்ஷைமாசே!”

பொன்னாயி கணவனின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “ஏனுங்க! உங்க பேரச் சொல்லிக் கூப்பிடறாங்க! பின்னால என்னமோ மாசேங்கறாங்க!” ‘ராசய்யா மாசே’ என்றுதான் அவள் காதில் விழுந்திருந்தது.

ராசு ஒரு கணம் விழித்தார். பிறகு காலரைச் சரிசெய்துகொண்டார். “பின்னே? இத்தன நாளா சாரைக் கொண்டாந்து எறக்கி உடறேன். தெரியாமப் போகுமா?”

“மாசேன்னா?”

“அது… அவங்க ஊர்ல நம்ம ‘ங்க’ மாதிரி. மருவாதி.”

அப்போது கதவைத் திறந்துகொண்டு ஒரு ஜப்பான் குடும்பம் வந்தது. மறுபடியும் அதே கூவல். பொன்னாயி அந்த ஆளை ஏற இறங்கப் பார்த்தாள். “அவரு பேரும் உங்க பேராட்ட இருக்குது” என்றாள்.

அங்கே காத்திருந்த மொரிதா சார் குழந்தைகளிடம் மட்டும் தணிந்த குரலில் அந்தச் சொல்லின் பொருளைச் சொல்லிவிட்டார்: வாங்க, வாங்க என்று அர்த்தமாம். ராசு அவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார். அந்தக் கண்ணடிப்போடு விஷயம் புதைக்கப்பட்டது.

அன்றைக்குப் பூஜை என்பதால் கவுச்சி வேண்டாம் என்று அம்மா சொல்லியிருந்தாள். பூசணியும் கத்தரிக்காயும் பஜ்ஜி போல வந்தன. ஆனால் பஜ்ஜியைவிட லேசாக, கடித்தால் உதிர்ந்தன. கலங்கலாக ஒரு சூப் வந்தது. அதை அம்மா “பருப்புத் தண்ணி” என்று சொல்லி இரண்டு கிண்ணம் குடித்தாள். அதில் மீன் உண்டு என்பதை அன்றும் சொல்லவில்லை, அப்புறமும் யாரும் சொல்லவில்லை. பச்சையாக இருந்த உருண்டையைப் புதினாத் துவையல் என்று எடுத்து வாயில் போட்ட பிரேம் காரம் தாங்காமல் கண்ணும் மூக்குமாக அழுததும், அப்பா இரண்டு குச்சிகளால் ஒற்றைப் பருக்கையைத் தூக்கிக் காட்டியதும் பூங்குழலிக்கு நேற்று நடந்ததுபோல இருக்கும்.

மொரிதா சார் ஊருக்குத் திரும்பிய பிறகும் ஆயுத பூஜை தவறாமல் அவர்கள் அங்கே போனார்கள். ராசுவின் கண்ணில் நீரழுத்தம் என்று டாக்டர் சொல்லி, கார் சாவியைக் கொடுத்துவிட்டு மலைக்கே திரும்பிய பிறகும்கூட, அந்த ஒரு நாளைக்காகப் பஸ் ஏறிப் போனார்கள். பிரேம் மட்டும் அங்கேயே ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான்.

போன வருடம்தான் எல்லாம் கெட்டது. ராசுவுக்கு நேர் எதிரே இருப்பது மங்கலாகத் தெரியும். பக்கவாட்டில் ஒன்றும் தெரியாது. டீயை எடுக்கக் கை நீட்டியவர் சூப் கிண்ணத்தைத் தட்டிவிட்டார். பொன்னாயியின் நீலச் சேலை முழுக்கச் சூப். ஓடிவந்து துடைத்த பையன் “பரவால்ல சார், பரவால்ல சார்” என்று சொல்லச் சொல்ல, பக்கத்து மேசைகள் திரும்பின. ராசு எழுந்து வெளியே போய்விட்டார்.

அன்று மலைக்குத் திரும்பியதிலிருந்து அவர் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. தட்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் காபிச் செடிகளுக்கு நடுவே போய்விடுவார். அங்கே சிந்தினால் கேட்பாரில்லை. “ஈ எறும்பு தின்னுட்டுப் போவுது” என்பார். பொன்னாயி சமையற்கட்டிலும் பூங்குழலி கூடத்திலும் சாப்பிட்டார்கள். ஒரு வீட்டில் மூன்று ஓட்டல்.

இந்த வருடம் ஆயுத பூஜைக்கு முன்பு பிரேம் போன் செய்தான். “அக்கா, அந்தக் கடைய மூடிட்டாங்க. இப்ப அங்க செல்போன் கடை.”

பூங்குழலி வெளியே வந்து நின்றாள். சில்வர் ஓக் மரங்களில் ஏறிய மிளகுக் கொடிகளை மூடுபனி விழுங்கிக்கொண்டிருந்தது. சூப் கிண்ணத்தின் மூடியைத் திறந்தால் முகத்தில் வந்து மோதும் ஆவி அவளுக்கு ஞாபகம் வந்தது. எந்த மேசையில் அப்பாவை மறுபடி உட்காரவைக்கலாம் என்று நினைத்திருந்தாளோ, அந்த மேசையே இல்லை.

“நீ வாடா” என்றாள் போனில். “கடைய இங்க போடுவோம்.”

பிரேம் குச்சிகளும், சூப்புக்கான விழுதும், கறுப்புக் காகிதம் போன்ற கடற்பாசியும் கொண்டு வருவதாகச் சொன்னான். சோயா சாஸை மறந்துவிடுவான் என்று தெரிந்து பூங்குழலி சேந்தமங்கலத்துக்கு இறங்கி அப்துல் நாசர் கடையில் கேட்டாள். “என்ன கண்ணு, மலை மேல பாஸ்ட் புட்டா?” என்றார் அவர்.

“ஜப்பான் ஓட்டலுங்க மாமா. ஒரே ஒரு நாளைக்கு.”

“பிரியாணி இருக்குதா?”

“இல்லீங்க.”

“அப்ப ஒரு நாள் போதும்” என்று பாட்டிலைத் துடைத்துக் கொடுத்தார்.

பூஜை நாளன்று காலை பஸ்ஸில் பிரேம் வந்து இறங்கினான். ராசு மண்வெட்டிக்கும் அரிவாளுக்கும் பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டு, பக்கத்துத் தோட்டத்துக் கருப்பண்ணன் வீட்டுக்குப் போனார். அதற்குள் சமையற்கட்டில் சண்டை தொடங்கிவிட்டது.

“ஓமம் போடாம பஜ்ஜியா? வயிறு என்னத்துக்காகும்?” என்றாள் பொன்னாயி.

“அம்மா, இதுல ஓமமும் வேண்டாம், பெருங்காயமும் வேண்டாம். மாவ ஐஸ் தண்ணில கரைக்கணும்.”

“பைப்புத் தண்ணியே ஐஸாத்தான இருக்குது. இதுக்கு மேல என்ன ஐஸு?”

அது உண்மை. அந்தத் தண்ணீரிலேயே கரைத்தார்கள். பூசணி, கத்தரி, கூடவே மெல்லிசாகச் சீவிய குச்சிக்கிழங்கு என்கிற மரவள்ளி. பச்சரிசியைக் குழைய வடித்தார்கள். கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் இடத்திலிருந்து பிரேம் குழிகள் வைத்த எவர்சில்வர் தட்டுகள் வாங்கி வந்திருந்தான். எது எந்தக் குழியில் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அப்பா தடவாமல் எடுக்கலாம் என்பது பூங்குழலியின் கணக்கு. வாசலில் கட்டுவதற்கு அம்மாவின் நீலச் சேலையை எடுத்தாள். போன வருடச் சூப்பின் கறை முந்தானையில் அப்படியே இருந்தது. இரண்டாக மடித்து நிலையில் ஆணியடித்துத் தொங்கவிட்டார்கள்.

“அப்பா உள்ள வந்ததும் மூணு பேரும் சேந்து கத்தணும்” என்றான் பிரேம். “எங்க, ஒருக்கா சொல்லும்மா.”

பொன்னாயி கரண்டியை வைத்துவிட்டாள். “நானா? அவரு பேரையா? போடா அக்கட்டால.”

“ஓட்டல்காரங்க எல்லாரும்தான சொன்னாங்க?”

“அவங்க ஜப்பான்காரங்க. அவங்களுக்கு ஆவும்.”

“அவங்க மிசோரம்காரங்கம்மா” என்றான் பிரேம்.

“எங்கியோ. அவரக் கட்டினவங்க இல்லையல்லோ.”

பூங்குழலி பொறுமையிழந்தாள். மூன்றாவது குரல் இல்லாவிட்டால் அது அந்த ஓட்டலாகவே இருக்காது. அந்த அவசரத்தில் இத்தனை வருடம் புதைந்து கிடந்ததைத் தோண்டிப் போட்டாள். “அம்மா, அது அப்பா பேரே இல்ல. வாங்கன்னு அர்த்தம். வரவங்க எல்லாருக்கும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

பொன்னாயி அடுப்பைத் தணித்தாள்.

“எல்லாருக்குமா?” என்றாள் பொன்னாயி.

“ஆமாம்மா.”

“அப்ப அவங்களுக்கு உங்கப்பாவத் தெரியாதா?”

அம்மா சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷங்களில் சொல்லிச் சொல்லிப் பூரித்த கதை அது. பெரிய பெரிய அதிகாரிகள் வரும் இடத்தில், இவர் தலை தெரிந்ததும் கடையே பேர் சொல்லிக் கூப்பிடும் என்று.

“அவருக்குத் தெரியுமா, அது வேற வார்த்தைன்னு?”

“தெரியும்மா.”

பொன்னாயி பூசணித் துண்டுகளைத் திருப்பிப் போட்டாள். பிரேம் அக்காவை முறைத்தான். எதற்குச் சொன்னாய் என்று அவன் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை என்று அவளுக்கு இருந்தது.

மத்தியானம் சாரல் விழத் தொடங்கியபோது ராசு வந்தார். கைத்தடியால் படியைத் தட்டி ஏறினார். நிமிர்ந்தபடி உள்ளே நுழைந்தவரின் நெற்றியில் துணி உரசியது. நின்றுவிட்டார்.

“இரஷ்ஷைமாசே!” என்று அக்காவும் தம்பியும் கூவினார்கள். இரண்டே குரல். கூடத்தில் அது பள்ளிக்கூட நாடகம் போல ஒலித்தது.

ராசு துணியைத் தொட்டார். விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். சோயாவின் வாசம் அவருக்கு எட்டியிருக்க வேண்டும். முகம் ஒரு கணம் இளகுவதுபோல இருந்து, மறுபடி இறுகியது.

“என்ன கூத்து இது?”

“கீழ உக்காருங்கப்பா. எல்லாம் தனித்தனிக் குழியில இருக்குது. கொட்டாது.”

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லியிருக்கக் கூடாது. “கொட்டறவனுக்குன்னு தனித்தட்டா?” என்றார் ராசு. “நீங்க தின்னுங்க சாமி. எனக்குக் கஞ்சி இருந்தா பின்னால கொண்டாந்து வைங்க.” கைத்தடி திரும்பியது. துணி மறுபடி அவர் தலையை உரசியது. அவர் பாதி வெளியே போய்விட்டார்.

“ராசய்யா மாசே!”

சமையற்கட்டு வாசலில் பொன்னாயி நின்றிருந்தாள். கையில் எண்ணெய் சொட்டும் சாரணிக் கரண்டி. கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தாள், கிணற்றில் குதிக்கப் போகிறவள் போல.

கைத்தடி அசையவில்லை. மெதுவாக ராசுவின் தலை மட்டும் திரும்பியது.

“யாரது?”

“ஓட்டல்காரி” என்றாள் பொன்னாயி. “உள்ள வாங்க. பஜ்ஜி ஆறுது.”

“பொன்னாயி, நீ என்னமோ சொன்னியே.”

“வாங்கன்னு சொன்னேன். அவங்க பாசையில அதான் அர்த்தமாம். பொண்ணு சொல்லுச்சு.”

“அவங்க ‘இ’னு ஆரம்பிப்பாங்க. நீ ‘ரா’னு ஆரம்பிச்சே.”

“எனக்கு வாரது அதுதான்.”

ராசு துணிக்கு அடியில் குனிந்து உள்ளே வந்தார். பழைய ஆயுத பூஜைகளில் குனிந்த அதே குனிவு. பிரேம் கையைப் பிடிக்கப் போனான். பூங்குழலி தடுத்தாள். அவரே சுவரைத் தொட்டுக்கொண்டு வந்து பாயில் உட்கார்ந்தார். “இன்னொருக்கா சொல்லு” என்றார்.

“ஓட்டல்ல உள்ள வாரப்ப ஒருதடவதான் சொல்லுவாங்க” என்று பொன்னாயி உள்ளே ஓடிவிட்டாள்.

ஒரு வருடத்துக்குப் பிறகு நான்கு பேரும் ஒன்றாகச் சாப்பிட்டார்கள். சூப்பில் கொஞ்சம் உப்பு தூக்கலாகிவிட்டது. குச்சிக்கிழங்குதான் எல்லாவற்றையும்விட நன்றாக இருந்தது. ராசு குச்சிகளை எடுத்தார். விரல்களுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. இரண்டு பூசணித் துண்டுகள் பாயில் விழுந்தன. பொன்னாயி அவற்றை எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

“அங்க இந்நேரம் பயங்கரக் கூட்டமா இருக்கும்” என்றார் ராசு.

பிரேம் அக்காவைப் பார்த்தான். “கடைய மூடிட்டாங்கப்பா” என்றான்.

குச்சிகள் தட்டுக்கு மேலே நின்றன. மழை வலுத்துத் தகரக் கூரையில் இறங்கியது. “அந்த நீலத் துணிய என்ன பண்ணாங்களோ” என்றார். பூங்குழலிக்கு அந்த வாசலும் விளக்குகளும், வெளியே ஹாரன் அடித்துப் போகும் லாரிகளும் கண்ணுக்குள் வந்து போயின. அப்பாவுக்கும் அவை வந்துபோயிருக்கும். அந்தக் காட்சிகளுக்குக் கண் தேவையில்லை.

வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. நனைந்த தலையோடு கருப்பண்ணன் சேலையை விலக்கி எட்டிப்பார்த்தார். யார் என்று ராசுவுக்குத் தெரிந்ததோ இல்லையோ, முதுகை நிமிர்த்திக்கொண்டு உரக்கக் கூவினார்:

“ராசய்யா மாசே!”

கருப்பண்ணன் திகைத்துப்போனார். “என்னய்யா, உம்பேர நீயே கத்திக்கிட்டு உக்காந்திருக்கற?”

பொன்னாயி இன்னொரு தட்டை எடுத்து வைத்தாள்.

“உக்காருங்கண்ணா” என்றாள். “இன்னைக்கு இந்த ஊட்டுக்கு வாரவங்க எல்லாத்துக்கும் அதுதான் பேரு.”