பாட்டுக்கு முந்தைய மூச்சு

ஆடுவதற்கான புது ‘ஹவுஸ்’ இசைத்தட்டின் முதல் பிரதி கடைக்கு வந்திருந்தது. பாடிய அக்கா, மாமியாரையும் நாத்தனாரையும் திரட்டிக்கொண்டு கேட்க வந்துவிட்டாள். இசையமைத்த தங்கை கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள். ஆடுகிறவர்களுக்கு இடைஞ்சல் என்று பியானோவை நீக்கியவள், வயலினை நீக்கியவள், கடைசியில் அக்காவின் பாட்டையே நீக்கியிருந்தாள். அக்கா சம்மதிக்காமல் தட்டு வெளிவராது.

கடைக்காரர் ஊசியை வைத்தார். டம், டம், டம், டம். ஒரு கைதட்டு, அடியில் பேஸின் உறுமல், அவ்வளவுதான்.

“நான் எப்ப வருவேன்?”

“வந்துட்டே இருக்கக்கா. அந்த ‘ஹா’ நீதான். பாடறதுக்கு முன்னாடி இழுத்த மூச்சு.”

“மூச்சா? மூணு நாள் தொண்டை கிழியப் பாடினேனேடி, பாவி!”

அதற்குள் மாமியார் கைப்பையைக் கடைக்காரரிடம் திணித்துவிட்டு இடுப்பை ஆட்டத் தொடங்கியிருந்தார்.

“அண்ணி, உங்க மூச்சு ஆளையே தூக்குது!” என்று நாத்தனார் துள்ளினாள்.

அக்காவின் கால் அவளைக் கேட்காமலே தாளம் போட்டது.

“சிரிக்காதடி. ஆடி முடிச்சிட்டு வந்து திட்டறேன்.”

“அப்ப தட்டு?”

“வெளியிட்டுத் தொலை! அட்டையில ‘மூச்சு’ன்னு போட்டு என் பேரைப் பெருசாப் போடு” என்று கத்தியபடி அக்கா மாமியாரின் கையைப் பிடித்துச் சுழன்றாள்.