ஏழாவது துணி

காருக்குள் இறக்குவதற்கு முன் இன்ஜினை வெளியிலேயே ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று சின்னவர் ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே வந்துவிட்டார். ஷெட்டின் நடுவில், இரும்புச் சட்டத்தின் மேல் இன்ஜின் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் பேட்டரி, தண்ணீர்க் குழாய், உத்தரத்தில் தொங்கவிட்ட பெட்ரோல் பாட்டில்.

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு" என்றாள் அண்ணி, வாசலிலிருந்தே.

"உள்ள இறக்கின பிறகு கோளாறுன்னா, மறுபடி தூக்கறதுக்குள்ள என் இடுப்பு கழண்டுடும் அண்ணி. இங்கயே கத்தித் தீர்க்கட்டும். நீங்க ஏன் அங்கயே நிக்கறீங்க? உள்ள வாங்க. கடிக்காது."

"இங்கருந்தே நல்லாத் தெரியுது."

ஏழு மாதமாக அவள் அந்த வாசலைத் தாண்டியதில்லை.

இன்ஜினைப் பிரித்தவரும், ஒவ்வொரு பாகமாகக் கழுவித் தேய்த்து முக்கால்வாசி திரும்பக் கோத்தவரும் அவள் கணவர். மிச்சத்தை மாட்டி மூடியவர் அவருடைய தம்பியான இந்தச் சின்னவர். இரண்டு பேர் வேலைக்கும் நடுவில் ஒரு சாவு.

அவர் செத்த அன்று மத்தியானம் அவள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். ஷெட்டிலிருந்து குரல் வந்தது.

"இந்தா... ஒரு நிமிஷம் வந்துட்டுப் போ."

"வர்றேன், வர்றேன். கையில வேலை இருக்கு."

வாளி காலியாக இருபது நிமிடம் ஆனது. கையைத் துடைத்துக்கொண்டு அவள் போனபோது அவர் தரையில் கிடந்தார். "ஒரு நொடியில முடிஞ்சிருக்கும்மா, யாரையும் கூப்பிடக்கூட நேரம் இருந்திருக்காது" என்றார் டாக்டர். ஆறுதலாகத்தான் சொன்னார். கூப்பிட்டாரே என்று அவள் டாக்டரிடம் சொல்லவில்லை. பிள்ளைகளிடமும் சொல்லவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாரா, சும்மா கூப்பிட்டாரா? அந்த ஒன்று தெரிந்தால் போதும் அவளுக்கு. அது தெரியாத வரை, கொடியில் ஈரத்துணியைப் போட்டு உதறும்போதெல்லாம் முதுகுக்குப் பின்னால் அந்தக் குரல் வந்துகொண்டிருந்தது. இந்தா.

"முதல்ல பிளக்கைக் கழட்டிட்டு வெறுமனே சுத்தவிடறேன்" என்றார் சின்னவர். "ஆயில் மேல ஏறணும். இந்த மீட்டர்ல ஊசி நிமிரணும். அப்புறம்தான் தீ வைக்கறது."

சுவிட்சை அழுத்தினார். உர்ர், உர்ர் என்று இன்ஜின் சுற்றியது. அண்ணிக்கு அது அவள் கணவர் விடிகாலையில் தொண்டையைச் செருமுவது போலவே இருந்தது.

ஊசி ஏறியது. பாதி வரை போய் நின்று, மெல்லச் சரிந்து படுத்துக்கொண்டது.

"என்னப்பா இது?"

"காத்து அடைச்சிருக்கும்." மறுபடி அழுத்தினார். இந்த முறை ஊசி அசையவே இல்லை.

மதிலுக்கு மேல் பக்கத்து வீட்டுத் தபால்காரரின் தலை எழுந்தது. "என்ன சின்னவரே, ஓடுமா, இல்ல காட்சிக்கு வச்சிருக்கீங்களா?"

"ஓடும் சார். உங்க சைக்கிளைவிட வேகமா ஓடும். போய்க் குளிங்க."

தலை இறங்கியது. சின்னவர் மீட்டரைத் தட்டினார். "இது பொய் சொல்லுது அண்ணி."

"நேத்துதானே புதுசா வாங்கினேன்னு சொன்னே?"

அண்ணியின் கண் சுவர்ப்பக்கம் போயிருந்தது. அங்கே ஓர் ஆணி. ஆணியில் சின்னச் சின்ன அழுக்குத் துணிகள். தன்னையறியாமல் வாசலைத் தாண்டி உள்ளே வந்து, அவற்றை ஒவ்வொன்றாகப் புரட்டினாள்.

"ஆறுதான் இருக்கு."

"என்ன ஆறு?"

"துணிப்பா. ஏழு இருக்கணும். உங்க அண்ணனோட பழைய சட்டையை நான்தான் கிழிச்சுக் கொடுத்தேன். ஒவ்வொண்ணுலயும் மசியில நம்பர் போட்டிருப்பாரு, பாரு. ஒண்ணு, ரெண்டு, மூணு... ஏழைக் காணோம்."

"துடைக்கற துணிக்கு ரேஷன் கார்டு மாதிரி நம்பரா?"

"துடைக்க இல்ல. தூசி போகாம இன்ஜின் ஓட்டையில எல்லாம் அடைச்சு வைக்க. கல்யாணத்துக்கு முன்னாடி யாரோ ஒருத்தரு வண்டியில இவரு ஒரு துணியை உள்ளயே விட்டு மூடிட்டாராம். அந்த இன்ஜின் போயே போச்சு. அதுலருந்து இந்த வழக்கம். ஆறை எடுத்து ஆணியில மாட்டிடுவாரு. கடைசித் துணியை நான் வந்து பாக்கும்போதுதான் உருவுவாரு. நான் எண்ணி 'ஏழு, மூடிக்கோங்க'ன்னு சொன்னாத்தான் மூடி போடுவாரு."

சின்னவர் முகம் மாறியது. "நான் பாத்துட்டுத்தான் அடிமூடியைப் போட்டேன் அண்ணி."

"எப்போ போட்டே?"

"பதினாறாம் நாள் கழிச்சு." கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அன்னைக்குக் கண்ணு எங்க தெரிஞ்சுது எனக்கு."

"கழட்டு."

"அண்ணி, அரை நாள் வேலை..."

"தம்பி. அந்த மூடியைக் கழட்டு."

ஆயிலை வடித்து, சட்டத்தோடு இன்ஜினைத் தலைகீழாகத் திருப்பி, அடிமூடியின் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். பாதியில் அண்ணி சொன்னாள், "அன்னைக்கு அவரு என்னைக் கூப்பிட்டாரு. நான் போகல."

ஸ்பேனர் நின்றது. "எப்ப?"

"விழறதுக்கு முன்னாடி. எதுக்குன்னு தெரியாது."

சின்னவர் அடுத்த போல்ட்டுக்குப் போனார். மூடி வந்தது. ஆயிலை உறிஞ்சும் குழாயின் சல்லடை மேல், செத்த எலி மாதிரி கறுப்பாக ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு விரலால் உரித்து எடுத்து, மண்ணெண்ணெயில் அலசி விரித்தார். நீலக் கட்டம் போட்ட சட்டைத் துணி. மூலையில் மங்கலாக ஏழு.

"ஓட்டையில இருந்தது நழுவி ஆயிலோட போய்ச் சல்லடையை அடைச்சிருக்கு. அதான் ஊசி ஏறல" என்றார். பிறகுதான் அவருக்கு விளங்கியது. "அண்ணி! ஆறு ஆணியில தொங்க, இது மட்டும் உள்ளயே இருந்திருக்குன்னா, அண்ணன் துணியை எண்ணத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்காரு. வலியில இல்ல. உசுருக்குப் போராடிட்டு இல்ல. இத்தனை நாளா அதையா மனசுல வச்சுட்டிருந்தீங்க?"

அண்ணி துணியைக் கையில் வாங்கிக்கொண்டாள்.

"ஆமா. நல்லாத்தான் இருந்திருக்காரு."

"அதான் சொல்றேன்."

"நல்லா நின்னுக்கிட்டு, நான் வருவேன் வருவேன்னு வாசலைப் பாத்துட்டு இருந்திருக்காரு. இருபது நிமிஷம். இதை உருவாம."

சின்னவர் குனிந்து மூடியைத் துடைக்கத் தொடங்கினார்.

அவள் துணியைப் பிழிந்து ஆணியில் மாட்டினாள். விரலால் தொட்டு எண்ணினாள். "ஒண்ணு... ரெண்டு..." கடைசித் துணியில் விரல் நின்றது. "ஏழு. மூடிக்கோங்க."

சின்னவரிடம் அவள் ஒருநாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. அது தனக்கல்ல, அண்ணனுக்குச் சொன்னது என்று அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் மூடியை எடுத்துப் போட்டார்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஊசி நிமிர்ந்தது, நிமிர்ந்தே நின்றது. பிளக்குகளை மாட்டி, பெட்ரோலைத் திறந்து, சுவிட்சை அழுத்தினார். இருமி, புகை கக்கி, சட்டென்று பிடித்துக்கொண்டு இன்ஜின் ஓடியது. ஷெட்டின் தகரம் அதிர்ந்தது. "தூக்கமே போச்சு, சந்தோஷமா?" என்று தபால்காரர் மதிலுக்கு அப்பாலிருந்து கத்தினார்.

அண்ணி கொல்லையில் இருந்தாள். காலையில் ஊறவைத்த துணி அப்படியே கிடந்தது. ஒரு போர்வையை உதறிக் கொடியில் போட்டாள். இன்ஜின் நின்றது. நின்ற பிறகு வந்த அமைதியில், முதுகுக்குப் பின்னால், அதே குரல்.

இந்தா.

போர்வையை அப்படியே விட்டாள். அது மண்ணில் விழுந்தது. ஈரக் கையோடு ஷெட்டுக்கு ஓடினாள்.

சின்னவர் சுவிட்சில் வைத்த கையை எடுக்காமல் நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அண்ணி, இப்ப 'இந்தா'ன்னு நீங்களா கூப்பிட்டீங்க?"

"இல்லப்பா."

"அப்ப யாரு..."

"என்னைத்தான் கூப்பிட்டாரு" என்றாள் அவள், மூச்சு வாங்க. ஆணிக்குக் கீழே கிடந்த மரப்பெட்டியில் உட்கார்ந்தாள். "வந்துட்டேன்."