கொல்லிமலை ஏறிய பார்ஜ்

போன மார்கழி பதினொன்றாம் தேதி காலை ஏழேகாலுக்கு, நூற்றிருபது மரத்தடிகளைச் சுமந்த கடல் பார்ஜ் ஒன்று, அதாவது தட்டையான சரக்குப் படகு, எழுபது கொண்டை ஊசி வளைவையும் பனிமூட்டத்தின் மேலேயே மிதந்து ஏறி, மலைமேல் சோளக்காடு சந்தையில் முதல் பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றது. மிளகு விற்க வந்தவர்கள் மூட்டையைச் சற்று ஓரமாக இழுத்துக்கொண்டு, வாய் பிளந்து நிமிர்ந்து பார்த்தார்கள். கண்டக்டருக்கு மட்டும் கோபம். வளைவில் ஆரன் அடிக்க வேண்டாமா என்று கேட்டார். நியாயம்தானே.

எல்லாம் வாசலூர்பட்டி மாணிக்கத்தின் வாயால் வந்தது. பன்னிரண்டு வருஷமாக அவனுக்கு அந்தப் பார்ஜில் வேலை. தூத்துக்குடியில் தடி ஏற்றி, கரையோரமாகவே கடலூர் போய், அங்கே பார்ஜின் ஒரு பக்க அடித்தொட்டியில் தண்ணீரை விட்டு அதையே சாய்ப்பார்கள். தடியெல்லாம் ஒரே மூச்சில் திடுதிடுவென்று சரிந்து கடலில் விழும், பார்ஜ் குலுங்கி நிமிரும். வெட்டின மரத்திடம் அது போகும் ஊரைச் சொல்லிவிட வேண்டும் என்பது மலையில் வழக்கம். ஒரே தடவைதான், மாற்றிச் சொன்னால் மரம் கேட்காது. மாணிக்கம் கடலிலும் அதை விடவில்லை. ஒவ்வொரு நடைக்கும் முதல் தடியைத் தட்டி, கடலூர் போறோம் சாமி என்பான். பார்ஜை ஓட்டும் சேவியர் சிரிப்பார். ஆனால் பன்னிரண்டு வருஷத்தில் ஒரு தடிகூட உருண்டதில்லை, அதனால் ரொம்பச் சிரிக்க மாட்டார்.

பத்தாம் தேதி மாணிக்கத்தின் பெண்டாட்டி மாராயி ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணினாள். ஒன்பது வருஷத்தில் அவளுக்கு இது மூன்றாவது பிள்ளைப்பேறு. முன்னே இரண்டும் தங்கவில்லை, இரண்டு தடவையும் அவன் கடலில் இருந்தான். "இந்தத் தடவையும் நீங்க பக்கத்துல இல்லீன்னா எனக்குத் தெம்பில்லீங்க" என்று மட்டும் சொன்னாள். மாற்றாள் கிடைக்கவில்லை, லீவும் இல்லை. மனசெல்லாம் ஊரில் இருக்க, கை தடியைத் தட்ட, வாய் "வாசலூர்பட்டி போறோம் சாமி" என்றுவிட்டது. பார்ஜ் மலைப் பக்கம் மூக்கைத் திருப்பியது. சேவியர் சுக்கானோடு மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் டீ போடச் சொன்னார்.

வாசலூர்பட்டி போட் ஹவுஸ் ஏரிக்கு மேல் வந்ததும் அது தானாக நின்றது. மாணிக்கம் குதித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினான். பெடல் படகுகளை ஓரங்கட்டியபின் சேவியர் தொட்டியில் பனியை நிரப்பிச் சாய்த்தார். தடிகள் சரிந்த சத்தம் பெரக்கரை நாடு முழுக்கக் கேட்டது. கேட்டவர்களுக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. விழுந்தவை கரையோரம் நட்டுக்குத்தலாக நின்றன, சித்திரையில் துளிர்த்தன, ஆனியில் ஊரார் மிளகுக்கொடி ஏற்றிவிட்டார்கள். சரக்குக்காரர் வந்து பார்த்து, வேர்விட்டதை எப்படிங்க ஏத்தறது என்று தானே கேட்டுக்கொண்டு, ஒரு வாழைத்தாரோடு திரும்பிப் போனார்.

அன்றைக்கு அந்தச் சத்தம் அடங்கும்போது ஒரு குழந்தை அழுதது. பெண். மாராயி அவன் கையை விடவேயில்லை. அப்பன் முதல் வார்த்தை சொல்லட்டும் என்று நர்ஸ் குழந்தையைக் காதருகே நீட்டினாள். மாணிக்கம் வாயைத் திறந்தான், பயந்து மூடினான். அப்புறம் மெதுவாகச் சொன்னான்.

"எங்க போறதுன்னு நான் சொல்ல மாட்டேன் கண்ணு. நீயே சொல்லு."

வெளியே காலிப் பார்ஜ் புறப்பட்டது. இந்தத் தடவை எழுபது வளைவிலும் ஆரன் அடித்துக்கொண்டே இறங்கியது.